இளையோர் மிகுபுனைவை மதிப்பிடுதல்: உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ புதினத்தில் பெயர் என்னும் விதி

ஆய்வுச் சுருக்கம்

இளையோருக்கான மிகுபுனைவுப் புதினங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கதைச் சுருக்கத்தையும் அதிலிருந்து பெறத்தக்க நீதியையும் எடுத்துரைப்பதோடு நின்றுவிடுகின்றனர். புனைவுலகம் தனக்கென வகுத்துக்கொண்ட விதி யாது, கதைப்போக்கு அவ்விதிக்கு உட்பட்டு நிகழ்கிறதா, அவ்விதி யாருக்குப் பொருந்துகிறது, யாருக்குப் பொருந்தாமல் போகிறது ஆகிய வினாக்களே இவ்வகைப் புதினத்தின் தரத்தைக் காட்டுவன. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1968இல் வெளியிட்ட ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்னும் புதினத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, இளையோர் இலக்கியம், நூல் மதிப்புரை, மெய்ப்பெயர், எர்த்ஸீ, லெ குவின்.

முன்னுரை

நடப்பியல் புதினத்தை மதிப்பிடுபவருக்குக் கைவசம் ஓர் அளவுகோல் உண்டு. கதையில் வரும் தெருவும் பேச்சும் வறுமையும் தாம் அறிந்த உலகத்தோடு ஒத்துள்ளனவா என்று அவர் பார்க்கலாம். மிகுபுனைவில் இந்த அளவுகோல் பயன்படுவதில்லை. நாகம் பறக்கலாம், கல் பேசலாம், ‘இது நடக்குமா?’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இதனால் சில மதிப்புரையாளர்கள் ‘கற்பனை வளம் மிக்கது’ என்ற பாராட்டுடன் முடித்துக்கொள்கின்றனர். வேறு சிலர் நாகத்தையும் மந்திரத்தையும் உறையாகக் கருதி உரித்தெடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நீதியை மட்டும் வாசகரிடம் ஒப்படைக்கின்றனர். வாசகர் சிறுவர் என்றால் இரண்டாவது வழக்கம் இன்னும் வலுப்பெறுகிறது. நூலைத் தேர்ந்தெடுப்பவர் பெரியவராகவும் படிப்பவர் சிறுவராகவும் இருப்பதால், மதிப்புரை பெரியவரின் அச்சத்துக்கு மறுமொழியாக எழுதப்பட்டுவிடுகிறது.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி ஆற்றிய உரை இதற்கு மாற்றாக ஒரு வழியைக் காட்டியது. புனைவாசிரியர் ஓர் இரண்டாம் உலகைப் படைக்கிறார். அதனுள் நுழைந்த வாசகர் அவ்வுலகின் விதிப்படி நிகழ்வனவற்றை உண்மையென ஏற்கிறார். விதி முறியும் கணத்தில் அவ்வேற்பும் முறிகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 1970இல் வெளிவந்த ஸ்வெதான் தொதரோவின் நூலோ, நிகழ்வது இயற்கையா இயற்கை கடந்ததா என்று வாசகர் தயங்கும் நிலையையே இலக்கண வரையறையாகக் கொண்டது. எர்த்ஸீ போன்ற புதினங்களில் அத்தயக்கமே எழுவதில்லை. ஆகவே அவற்றை ஆராய டோல்கீனின் வழியே கூடுதலாகப் பயன்படுகிறது.

புதினம் எழுந்த சூழல்

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிலிருந்து இயங்கிய பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தின் உரிமையாளர், வளர்ந்த சிறார்க்கென ஒரு நூல் எழுதித் தருமாறு கேட்டதன் விளைவே இப்புதினம். அதுவரை லெ குவின் இளையோருக்கென எழுதியவர் அல்லர். எர்த்ஸீ தீவுலகம் மட்டும் அவரிடம் ஏற்கெனவே கருக்கொண்டிருந்தது. 1964இல் வெளிவந்த இரு சிறுகதைகளில் அதன் தீவுகளும் பெயர் மந்திரமும் இடம்பெற்றிருந்தன. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் நரைத்த தாடியுடைய முதியவர்களாகவே இருக்கிறார்களே, இவர்கள் இளமையில் எப்படி இருந்திருப்பார்கள், தம் வித்தையை எங்கே கற்றிருப்பார்கள் என்ற வினாவிலிருந்து புதினம் பிறந்ததாக அவரே பின்னர் எழுதியுள்ளார். முதலில் வரைபடம் வரையப்பட்டது. கதை அதன்மேல் பயணம் செய்தது. ரூத் ராபின்ஸின் ஓவியங்களுடன் 1968இல் வெளிவந்த இந்நூல் 1969இல் பாஸ்டன் குளோப் ஹார்ன் புக் விருதைப் பெற்றது.

மந்திரவாதிகளுக்கான பள்ளி என்ற கருத்து 1997இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசைக்கு 29 ஆண்டுகள் முந்தையது என்பதைப் பலரும் சுட்டுவர. முந்தியது எது என்பது இலக்கிய வரலாற்றுச் செய்தி. அதனைத் தர மதிப்பீடாகக் கொள்வதில் பயனில்லை. ரோக் தீவில் உள்ள பள்ளியில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

பெயர் என்னும் விதி

எர்த்ஸீயில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆதிமொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவர் அப்பொருளை ஆளலாம். மனிதர்க்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே ஒவ்வொருவரும் தம் மெய்ப்பெயரை மறைத்து, வழக்குப் பெயர் ஒன்றால் அழைக்கப்படுகின்றனர். கான்ட் தீவில் வெண்கலக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த சிறுவனுக்குக் குழந்தைப் பெயர் டனி. ஊரார் அவனை அழைப்பது பருந்தினப் பறவை ஒன்றின் பெயரால். பதின்மூன்றாம் வயதில் ஓகியன் என்னும் முதியவர் அவனை ஆற்று நீரைக் கடக்கச் செய்து காதில் ஓதும் மெய்ப்பெயர் கெட்.

தமிழ் இலக்கணம் பயின்றோர் இவ்விதியின் தனித்தன்மையை எளிதில் உணர்வர். நன்னூலார் பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுப்பர். இடுகுறி வழக்கின் ஒப்புதலால் நிற்பது. காரணப்பெயர் பொருளின் ஒரு பண்பையோ செயலையோ சுட்டி நிற்பது. எர்த்ஸீயின் மெய்ப்பெயர் இவ்விரண்டிலும் அடங்காது. அது பொருளின் ஒரு பண்பை மட்டும் சுட்டவில்லை. பொருள் முழுவதுமாகவே இருக்கிறது. வழக்குப் பெயர்கள்தாம் இடுகுறியாகவும் காரணமாகவும் அமைகின்றன. சொல்லுக்கும் பொருளுக்கும் இடைவெளியே இல்லாத ஒரு மொழியைக் கற்பனை செய்துகொண்டு, அத்தகைய மொழி இருந்தால் மாந்தர் எவ்வாறு வாழ்வர் என்று புதினம் கேட்கிறது.

ஆசிரியரின் குடும்பச் சூழல் இங்கு நினைவுக்கு வரும். லெ குவினின் தந்தை ஆல்பிரட் குரோபர் மானிடவியல் அறிஞர். கலிபோர்னியாவின் யாஹி இனத்தவருள் எஞ்சிய கடைசி மனிதர் 1911இல் வெளியுலகுக்கு வந்தபோது அவரோடு பழகி அவர் மொழியைப் பதிவு செய்தோருள் குரோபரும் ஒருவர். தம் பெயரைத் தாமே சொல்வது அம்மனிதரின் மரபில் இல்லை. அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தத் தம் இனத்தார் எவரும் எஞ்சவும் இல்லை. எனவே அவர் மொழியில் ‘மனிதன்’ எனப் பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லையே அவருக்குப் பெயராக வழங்கினர். 1916இல் அவர் இறந்தபோதும் உண்மைப் பெயர் எவருக்கும் தெரியவில்லை. லெ குவினின் தாய் தியோடரா குரோபர் 1961இல் அவரது வரலாற்றை நூலாக்கினார். இதனைப் புதினத்தின் மூலம் என்று நிறுவச் சான்று போதாது. பெயர் மறைப்பு பல பண்பாடுகளில் காணப்படுவதே. ஆயினும் பெயரை ஒளித்து வைத்தல் வெறும் மந்திரக் கதை உத்தி அன்று, மானத்தோடும் இழப்போடும் தொடர்புடைய வாழ்வியல் நிகழ்வு என்பதை அறிந்த வீட்டில் வளர்ந்தவர் எழுதிய புதினம் இது.

விதி விதிக்கும் விலை

எல்லாம் வல்ல மந்திரம் கதையைக் கொன்றுவிடும். எதையும் செய்ய இயலும் ஒருவனுக்கு இடர் என்பதே இல்லை. லெ குவின் மந்திரத்துக்கு இரண்டு தடைகளை வைக்கிறார். ஒன்று உழைப்பு. பெயர்களைக் கற்பிக்கும் ஆசான் தனித்த கோபுரம் ஒன்றில் வாழ்கிறார். மாணவர்கள் அங்கே ஓராண்டு தங்கிப் பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனனம் செய்கின்றனர். கடலைக் கட்டுப்படுத்த விரும்புபவன் கடல் என்ற ஒரு சொல்லை அறிந்தால் போதாது. ஒவ்வொரு குடாவுக்கும் நீரிணைக்கும் பாறை இடுக்குக்கும் உரிய பெயரை அறிய வேண்டும். எனவே எந்த மந்திரவாதியின் ஆற்றலும் அவன் கற்றறிந்த சுற்று வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மற்றொன்று சமநிலை. கூழாங்கல்லை வைரமாகத் தோன்றச் செய்வது விளையாட்டு. மெய்யாகவே வைரமாக்குவது உலகை மாற்றுவது. ஓரிடத்தில் பெய்விக்கும் மழை வேறோரிடத்தில் வறட்சியாகலாம்.

இத்தடைகள் உரையாடலில் அறிவிக்கப்பட்டு மறக்கப்படுவன அல்ல. சக மாணவன் ஜாஸ்பரின் ஏளனத்தால் உந்தப்பட்ட கெட் இறந்தோரின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவின் வழியே உருவற்ற நிழலொன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூடும் முயற்சியில் தலைமை ஆசான் உயிர் இழக்கிறார். தவறு செய்தவன் பிழைத்திருக்க, அதன் விலையை வேறொருவர் செலுத்துகிறார். சிறுவர் நூலில் இத்தகைய கணக்கு அரிது. அதைவிடக் கடுமையானது பின்னர் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி: படகு கட்டும் நண்பரின் நோயுற்ற குழந்தையைக் காக்கக் கெட் முயன்று தோற்கிறான். அன்பும் ஆற்றலும் இருந்தும் குழந்தை இறந்துபோகிறது. விதியைத் தளர்த்தி வாசகரை ஆறுதல்படுத்த இதைவிட நல்ல வாய்ப்பு ஆசிரியருக்குக் கிடைத்திராது. அவர் தளர்த்தவில்லை.

பெண்டார் தீவில் கிழ நாகத்தை எதிர்கொள்ளும் பகுதியில் விதி நாடகமாகவே ஆகிறது. பழைய வரலாறுகளிலிருந்து ஊகித்த நாகத்தின் பெயரைக் கெட் உரைத்து அதனைக் கட்டுப்படுத்துகிறான். தன்னைத் துரத்தும் நிழலின் பெயரைச் சொல்லித் தருவதாக நாகம் பேரம் பேசுகிறது. தன் உயிர்க்காப்பா, தன்னை நம்பியுள்ள மீனவர்களின் காப்பா என்ற தேர்வில் கெட் இரண்டாவதைத் தேர்ந்துகொள்கிறான். நாகத்தின் பெயரை அவன் எவ்வாறு அறிந்தான் என்பதற்கான முன்னேற்பாடு மெலிந்தது என்ற குறை இங்கு உண்டு. ஊகம் சரியாக அமைவது ஆசிரியரின் தயவால் நிகழ்ந்தது போலத் தோன்றுகிறது.

நிழலுக்குப் பெயர் உண்டா?

நிழலுக்குப் பெயர் இல்லை என்று ரோக் தீவின் புதிய தலைமை ஆசான் கூறுகிறார். பெயர் தனக்குத் தெரியும் என்கிறது நாகம். ஆதிமொழியில் மனிதர் பொய்யுரைக்க இயலாது, நாகங்களால் இயலும் என்பது அவ்வுலகின் விதி. ஆகவே நாகத்தின் சொல்லை முழுவதும் நம்ப இயலாது. ஆஸ்கில் தீவின் கோட்டைத் தலைவி, தீய கல்லொன்று அப்பெயரை அறியும் என்று ஆசை காட்டுகிறாள். எல்லாப் பொருளுக்கும் பெயர் உண்டு என்று ஓகியன் சொல்கிறார். இடையே நிகழும் ஒன்று இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. நிழல் புகுந்துகொண்ட மனித உடல், கெட்டை அவனது மெய்ப்பெயரால் அழைக்கிறது. மிகச் சிலர் மட்டுமே அறிந்த அப்பெயரை அது யாரிடமிருந்து கற்றது?

முரண்பட்ட சான்றுகளை இவ்வாறு பரப்பி வைத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். விதியைக் கவனமாகப் பின்தொடர்ந்த பதினான்கு வயது வாசகர் இறுதி இயலுக்கு முன்பே விடையை நெருங்கிவிட முடியும். உலகின் எல்லையில், கடல் மணலாக மாறும் இடத்தில், கெட்டும் நிழலும் ஒரே கணத்தில் ஒரே பெயரை உச்சரிக்கின்றனர். அது கெட் என்ற பெயர். புறத்தேயிருந்து புதிய ஆற்றலோ ஆயுதமோ வரவில்லை. முதல் இயலில் சொல்லப்பட்ட விதியே இறுதியில் முடிச்சை அவிழ்க்கிறது.

‘தன் தீமையைத் தானே எதிர்கொள்ள வேண்டும் என்பதே இந்நூல் உணர்த்தும் பாடம்’ என்று எழுதும் மதிப்புரை வாசகரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பது இப்போது தெளிவாகும். முடிவை முன்கூட்டிச் சொல்வது ஆய்வாளருக்கான கட்டுரையில் தவிர்க்க இயலாதது. இளம் வாசகருக்கோ ஆசிரியருக்கோ நூலைப் பரிந்துரைக்கும் மதிப்புரையில் அது பிழை. அங்கு இழக்கப்படுவது திகைப்பு மட்டும் அன்று. சான்றுகளை எடைபோட்டுத் தானே முடிவுக்கு வரும் அறிவுச் செயலும் இழக்கப்படுகிறது. லெ குவினே இவ்விடத்தில் முழு நம்பிக்கை கொள்ளவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பெயர் உச்சரிக்கப்பட்ட சிறிது நேரத்திலேயே, உடனிருந்த நண்பன் வெட்ச் உணர்ந்ததாக, நிகழ்ந்ததன் பொருள் ஒரு பத்தியில் விளக்கப்படுகிறது. காட்சி ஏற்கெனவே செய்துவிட்டதை விளக்கம் மறுபடி செய்கிறது. நூலில் தளர்ந்த பத்தி எதுவெனக் கேட்டால் இதனையே காட்ட வேண்டும்.

நிழலைக் கார்ல் யுங்கின் உளவியல் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக மட்டும் படிப்பதும் பரவலான வழக்கம். புதினத்தை எழுதும்போது யுங்கைப் படித்திருக்கவில்லை என்று லெ குவின் தெரிவித்துள்ளார். பின்னர் எழுதிய கட்டுரையொன்றில் அவர் யுங்கை விரிவாகப் பயன்படுத்தினார். அக்கட்டுரை ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் 1847இல் எழுதிய நிழல் பற்றிய கதையிலிருந்து தொடங்குகிறது. கோட்பாட்டைப் புதினத்தில் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. பொருத்தியவுடன் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதுவதே சிக்கல்.

போகிறபோக்கில் சொல்லப்பட்ட நிறம்

எர்த்ஸீ மக்களுள் பெரும்பாலோர் செம்பழுப்பு நிறத்தவர். வெட்ச் கறுப்பு நிறத்தவன். படையெடுத்துவந்து ஊரை எரிக்கும் கார்க் இனத்தவரே வெண்ணிறத்தவர். 1968இல் அமெரிக்க மிகுபுனைவில் இது வழக்கத்துக்கு முற்றிலும் மாறானது. இதனை லெ குவின் அறைகூவலாக முன்வைக்கவில்லை. வெட்ச் அறிமுகமாகும் இடத்தில் ஓர் ஒப்பீட்டின் வழியாகக் கெட்டின் நிறம் தெரியவருகிறது. அதற்குள் வாசகர் அவனோடு ஒன்றிவிட்டிருப்பார்.

உத்தி நுட்பமானது, அதற்கொரு விலையும் இருந்தது. கவனியாது படித்தோர் கெட்டை வெள்ளையனாகவே எண்ணிக்கொண்டனர். பல அட்டைப்படங்கள் அவ்வாறே வரைந்தன. 2004இல் சைஃபை தொலைக்காட்சி ஒளிபரப்பிய குறுந்தொடரில் கெட்டாக வெள்ளை நடிகரே நடித்தார். லெ குவின் அதனைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். மதிப்புரை ஒன்று செய்யத்தக்க எளிய பணி இங்கு உண்டு: நூல் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் படித்துச் சொல்லுதல்.

விதி பொருந்தாத இடம்

ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்று தீவு மக்கள் பழமொழியாகவே சொல்கின்றனர். கெட்டுக்கு முதற் சொற்களைக் கற்றுத் தந்த சிற்றன்னை அறியாமை நிறைந்த ஊர்ச் சூனியக்காரியாகவே வரையப்படுகிறாள். அவனை ஆபத்தான மந்திரத்துக்குத் தூண்டுபவளும், ஆஸ்கில் கோட்டையில் மயக்க முயல்பவளும் பெண்ணே. வெட்ச் என்பவனின் தங்கை மட்டுமே அறிவும் கனிவும் உடையவள். அவளும் அடுப்படியில் நின்று வினா எழுப்புபவளாகவே வருகிறாள்.

இதனை இன்றைய அளவுகோலால் அன்றைய நூலைக் குறைகாணுதல் என்று ஒதுக்கிவிட இயலாது. புதினத்தின் சொந்த விதியைக் கொண்டே இக்கேள்வியை எழுப்பலாம். மெய்ப்பெயரை அறிந்தவர் பொருளை ஆள்வர் என்பதே விதி. அறிபவர் ஆணா பெண்ணா என்று பெயர் பார்ப்பதில்லை. அவ்வாறாயின் பெண்ணின் மந்திரம் ஏன் வலுவற்றதாக வேண்டும்? புதினத்தில் இதற்கு விடை இல்லை, வினாவே இல்லை. பிற எல்லாவற்றிலும் விதிக்கு இவ்வளவு உண்மையாக இருந்த நூல், இங்கு தன் காலத்து வழக்கத்தை இயற்கை விதியாகக் கடத்திவிடுகிறது.

இக்குறையை மிகக் கூர்மையாகக் கண்டவர் ஆசிரியரே. 1971இல் வெளிவந்த இரண்டாம் நூலில் நடுநாயகமாக இருப்பவள் டெனார் என்னும் சிறுமி. கோயில் பணிக்கென அவளிடமிருந்து பறிக்கப்பட்ட பெயரைக் கெட் திருப்பித் தருகிறான். எனினும் தருபவன் ஆணே. 1972இல் வந்த மூன்றாம் நூல் மீண்டும் ஆண்களின் பயணமாக அமைந்து தேசிய நூல் விருதைப் பெற்றது. அதன்பின் நெடுங்கால இடைவெளி. 1990இல் ‘டெஹானு’ வெளிவந்தபோது டெனார் நடுவயதுக் கைம்பெண். தீயில் எரிக்கப்பட்ட குழந்தை ஒன்றை வளர்க்கிறாள். ஆற்றல் அனைத்தையும் இழந்த கெட், அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். வீரசாகசம் எதிர்பார்த்த வாசகர் சிலருக்கு அந்நூல் ஏமாற்றமளித்தது. 1992இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில், வீரகாவிய மரபை ஆணின் மரபு என அறியாமலேயே அதற்குள் நின்று முன்னைய நூல்களை எழுதியதைப் பற்றி லெ குவின் விரிவாகப் பேசினார்.

2001இல் வெளிவந்த எர்த்ஸீ கதைத் தொகுப்பின் முதற் கதை, கெட் பிறப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு நிகழ்கிறது. ரோக் பள்ளி தோன்றிய வரலாற்றை அது கூறுகிறது. கொடுங்கோலர்களுக்கு அஞ்சி மறைவாக இயங்கிய பெண்களும் ஆண்களும் சேர்ந்தே அப்பள்ளியை நிறுவினர். பெண்கள் விலக்கப்பட்டது பின்னர் நிகழ்ந்தது. அதாவது விலக்கு எர்த்ஸீயின் விதி அன்று, அதன் வரலாறு. 1968ஆம் ஆண்டு நூலின் வாசகத்தை லெ குவின் திருத்தவில்லை. பழமொழிகள் இன்றைய பதிப்புகளிலும் அப்படியே உள்ளன. முதல் நூலை மட்டும் எடுத்து இளையோருக்குப் பரிந்துரைக்கும் மதிப்புரையாளர், அப்பழமொழிகளைத் தீவு மக்களின் பேச்சாகப் படிக்கச் சொல்வதா, கதைசொல்லியின் கூற்றாகப் படிக்கச் சொல்வதா என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டியுள்ளது.